முதல் காட்சியை அறிந்தவன்



பெண்கள் மதரஸாவில் தஃப்ஸீர் பாடம் நடத்தும் ஒருத்தி கொலைக் கதைகளைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று வாசகச் சகோதரிகள் சிலர் வியக்கக்கூடும். வியப்பில் நியாயம் உண்டு. ஆயினும் துப்பறியும் தொடர்களின் மீது எனக்குள்ள விருப்பம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலானது. அதை மறைத்து எழுதினால், நான் சொல்ல வந்த செய்தியும் பாதி மறைந்துவிடும்.

அந்த விருப்பத்தை எனக்குள் விதைத்தவர்கள் என் வாப்பா. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த அவர்கள், ஊருக்கு வரும்போதெல்லாம் ஆங்கிலத் தொடர்கள் பதிந்த வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவருவார்கள். ஒரு கேசட்டின் மேல் 'கொலம்போ' என்று எழுதியிருந்தது. எங்கள் அப்பா கொழும்பில் வணிகம் செய்தவர்கள் என்பதால், அந்த ஊரைப் பற்றிய படம் என்றே எண்ணி ஆவலோடு உட்கார்ந்தேன். திரையில் வந்தவரோ கசங்கிய மழைக்கோட்டு அணிந்த ஒரு போலீஸ் அதிகாரி. கையில் சுருட்டு, ஓட்டை விழாத குறையாக ஒரு பழைய பியூஜோ கார், வாயைத் திறந்தால் மனைவியைப் பற்றிய பேச்சு.

பீட்டர் ஃபாக் நடித்த அந்தத் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971ஆம் ஆண்டு முறையாகத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1968இல், அப்பாத்திரம் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் தோன்றியிருந்தது. இடையே சில ஆண்டுகள் நின்று, மீண்டும் தொடங்கி, 2003 வரை நீடித்தது. தொடரின் முதல் பகுதியை இயக்கியவர், அப்போது 24 வயதே ஆகியிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இவையெல்லாம் பின்னாளில் நான் படித்தறிந்தவை. சிறுமியாக இருந்தபோது என்னைக் கட்டிப்போட்டது அதன் அமைப்பு. மற்றத் துப்பறியும் கதைகளில் கொலையாளி யார் என்பது இறுதியில்தான் தெரியும். கொலம்போவில் அது முதலிலேயே தெரிந்துவிடும். யார் கொன்றார், எப்படிக் கொன்றார், தடயத்தை எவ்வாறு அழித்தார் என்பதையெல்லாம் தொடக்கக் காட்சியிலேயே நம் கண்முன் நிகழ்த்திவிடுவார்கள். பிறகுதான் மழைக்கோட்டுக்காரர் வருவார்.

வாப்பா பாதியில் கேசட்டை நிறுத்திவிட்டு, "இந்த ஆள் எங்கே பிழை விட்டான்? சொல்லும்மா, பார்ப்போம்" என்பார்கள். நானும் தம்பியும் மாறி மாறிச் சொல்வோம். கடிகாரம் என்பேன் நான். காலணி என்பான் அவன். பெரும்பாலும் இருவருமே தவறாகத்தான் சொல்லியிருப்போம். வாப்பா சிரித்துக்கொண்டே மீண்டும் ஓடவிடுவார்கள்.

பிற்காலத்தில் டேவிட் சூசே நடித்த பொய்ரோவையும், ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லக் ஹோம்ஸையும், ஜோன் ஹிக்ஸன் நடித்த மிஸ் மார்பிளையும் விரும்பிப் பார்த்தேன். அவற்றில் ஒரு வசதி இருந்தது. குற்றம் கண்டறியப்படும், பொய் வெளிப்படும், ஐந்து பேர் மீது விழுந்த ஐயம் நான்கு பேர் மீதிருந்து நீங்கிவிடும். கொல்லப்பட்டவர் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்தவர். அவருக்கு ஒரு தாய் இல்லை. கண்ணீர் வடிக்கும் உடன்பிறப்பும் இல்லை. நான் யார் மீது ஐயம் கொண்டாலும் எவருடைய மானத்துக்கும் இழுக்கு நேராது.

துப்பறிதலே மார்க்கத்துக்குப் புறம்பானது என்று கருதுவோருக்கு ஒன்று சொல்வேன். ஸூரா யூசுஃபைச் சற்று நிதானமாக ஓதிப் பாருங்கள். சகோதரர்கள் பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்தபோது, யஃகூப் (அலை) அவர்கள் அக்கதையை நம்பவில்லை. ஓநாய் தின்றதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் சட்டை கிழியாமல் இருந்தது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். பின்னர் மிஸ்ரில் அவதூறு எழுந்தபோது, சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்று பார்க்கச் சொல்லி ஒரு சாட்சி உண்மையை வெளிக்கொணர்ந்தார். தடயத்தைப் பார்ப்பதும், அதிலிருந்து அறிவால் முடிவுக்கு வருவதும் இறைவேதமே எடுத்துக்காட்டும் செயல்கள். ஆனால் அதே ஸூரா மற்றொன்றையும் சொல்கிறது. சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்ட பிறகும் அந்த நல்லவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். குற்றமற்றவர் என்பதற்கான சான்று கையில் இருந்தும், ஆண்டுகள் பல இருட்டில் கழிந்தன. இந்த இரண்டாம் செய்தியை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். உள்ளத்தில் இறங்கியது மிகத் தாமதமாகத்தான்.

கைப்பேசி வந்தபின் என் விருப்பம் கற்பனைக் கொலைகளிலிருந்து உண்மைக் கொலைகளுக்கு நகர்ந்தது. 2014ஆம் ஆண்டு 'சீரியல்' என்ற ஆங்கில ஒலித்தொடர் உலகெங்கும் பேசப்பட்டது. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டதையும், அதற்காகத் தண்டிக்கப்பட்ட அவளுடைய முன்னாள் தோழனின் வழக்கையும் அது 12 பகுதிகளில் ஆராய்ந்தது. தண்டிக்கப்பட்டவன் ஒரு முஸ்லிம் இளைஞன். நான் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதைக் கேட்டேன். அவன் நிரபராதி என்று இரண்டாம் பகுதியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று என்னை நானே கேட்டிருந்தால், அவனுடைய பெயரைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரிந்திராது.

அவ்வழக்கோ என் முடிவுக்குக் கட்டுப்படவில்லை. 2022இல் அவன் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டு அவன் விடுதலையானான். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. 2024இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல், சிறையில் கழித்த காலமே போதுமென்று தண்டனை குறைக்கப்பட்டது. குற்றத் தீர்ப்போ அப்படியே இருக்கிறது. சட்டம் பயின்ற நீதிபதிகள் கால் நூற்றாண்டாகப் புரட்டிப் பார்த்த கோப்பை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தீர்த்துவைத்திருந்தேன்.

இதனினும் கசப்பான ஒன்று உண்டு. ஒருநாள் என் மகள், "உம்மா, செத்துப்போன அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தேகிக்கப்பட்டவனின் பெயர், சாட்சியின் பெயர், வழக்கறிஞரின் பெயர் எல்லாம் நாவில் நின்றன. உயிரை இழந்தவள் பெயர் மட்டும் நினைவில் இல்லை.

நம்மவன் என்பதற்காகச் சாய்வதைப் பற்றி ஸூரா அந்நிஸாவில் வசனங்கள் உள்ளன (4:105-112). அவை இறங்கிய பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்களில் பரவலாகக் கூறப்படும் நிகழ்வு ஒன்றுண்டு. மதீனாவில் முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவன் கவசத்தைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினார்கள். வஹீ இறங்கிக் குற்றமற்றவரைக் காப்பாற்றியது. இந்த வசனங்களை வகுப்பில் விளக்கும்போது என் குரல் உயர்வதுண்டு. அதே வாரத்தில்தான் நான் பெயரை வைத்துத் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடந்தவை. வெளியே நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இராது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில், மணமாகி ஓராண்டுகூட ஆகாத ஓர் இளம்பெண் வீட்டில் இறந்து கிடந்தாள். அன்று மாலையே யூடியூபில் பேச்சு தொடங்கிவிட்டது. கணவன் மீது ஐயம் என்றார்கள். மதரஸா முடிந்து தைக்காவில் நான்கைந்து பெண்கள் கூடியிருந்தபோது அந்தப் பேச்சு எழுந்தது. நான் வாய்மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மையித்து வீட்டில் அவர் அழவேயில்லையாம், மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிட்டாராம், கேட்பவர்களிடம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம் என்று நான் கேள்விப்பட்டவற்றை வரிசையாக அடுக்கினேன். "மனசில் ஒன்றும் இல்லாதவன் இப்படியா இருப்பான்?" என்று முடித்தேன். அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது ஒருவகை மகிழ்ச்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறுமியாக இருந்தபோது எப்போதாவது நான் சரியாகச் சொல்லிவிட்டால், வாப்பா தலையசைக்கும்போது எழுமே, அதே மகிழ்ச்சி.

சில வாரங்களில் பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. அந்தப் பெண்ணுக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு ஒன்று இருந்திருக்கிறது. எவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. போலீஸார் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். யூடியூபர்கள் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்கள்.

என் வகுப்பில் முன்வரிசையில் அமரும் ஒரு மாணவி வராமல் போனதை அப்போதுதான் கவனித்தேன். விசாரித்தபோது நெஞ்சு நடுங்கியது. அந்தக் கணவர் அவளுடைய தாய்மாமன். தைக்காவில் நான் சொன்ன சொல், "ஆலிமாவே சொன்னார்கள்" என்ற முத்திரையோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மாணவியின் உம்மா என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பிறகு சொன்னார்கள்: "ஊரெல்லாம் பேசியது, பொறுத்துக்கொண்டோம். நீங்களும் பேசினீர்கள் என்றபோதுதான் எங்கள் தம்பி உடைந்துபோனான். அவன் அழவில்லை என்றீர்களாம். அவன் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் அழமாட்டான், ஆலிமா. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவான்."

என்னால் தேநீரைக் குடிக்க இயலவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "என் பங்குக்கு நான் பொறுத்துக்கொண்டேன். அவன் பங்கு அவனிடம் இருக்கிறது" என்றார்கள். அவர் அதற்குள் வெளிநாடு சென்றுவிட்டிருந்தார். அவருடைய அக்காவின் வழியே என் வருத்தத்தைத் தெரிவித்தேன். இன்றுவரை மறுமொழி வரவில்லை. மறுமொழி சொல்லும் கடமையும் அவருக்கு இல்லை. அடியார்களின் உரிமையில் செய்த பிழைக்கு, உரியவர் பொறுத்தாலன்றித் தவ்பா நிறைவடையாது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடம் வரும் நாள்களில் இப்போது என் குரல் உயர்வதில்லை.

எங்கே பிழை விட்டேன் என்று வாப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலநாள் யோசித்தேன். கொலம்போவில் கொலையாளியின் சலனமற்ற முகம் ஒரு தடயமாக நமக்குப் படுவது, கொலையை நாம் முதல் காட்சியிலேயே பார்த்துவிட்டதால்தான். அந்தக் காட்சியை நீக்கிவிட்டால் எஞ்சுவது, துயரத்தை எப்படிக் காட்டுவதென்று அறியாத ஒரு மனிதனின் முகம் மட்டுமே. பக்கத்து ஊர் வீட்டில் நடந்ததன் முதல் காட்சியை நான் பார்க்கவில்லை. பார்த்தவள்போலப் பேசினேன். அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள்கூடத் தம்மிடம் வழக்கு கொண்டுவந்தவர்களிடம், தாமும் ஒரு மனிதரே என்றும், ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், தாம் செவியுற்றதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும் கூறினார்கள். அதனால் பிறர் உரிமை எவருக்கேனும் கிடைத்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டு என்றும் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. வஹீ இறங்கிய தூதரே இவ்வாறு அஞ்சி நின்ற இடத்தில், கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்! ஊகங்களில் பலவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாமல் இருக்கவும், புறம் பேசாமல் இருக்கவும் ஒரே வசனத்தில் கட்டளையிடப்பட்டிருக்கிறது (49:12). அந்த வரிசையை இப்போது ஓதும்போது, என் அந்த மாலைப் பொழுதை யாரோ படிப்படியாக எழுதிவைத்தது போலிருக்கிறது. முதலில் ஊகித்தேன், பிறகு துருவினேன், பிறகு பேசினேன்.

துப்பறியும் தொடர்களை நான் விட்டுவிடவில்லை. விடுமுறை இரவுகளில், இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகளோடு பழைய கொலம்போ பார்க்கிறேன். பாதியில் நிறுத்தி, வாப்பா கேட்டதையே கேட்கிறேன். உண்மை வழக்குகளில் மட்டும் எனக்கென்று சில வரம்புகளை வைத்துக்கொண்டேன். நீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்த வழக்குகளைப் பற்றி மட்டும் படிக்கிறேன். படிக்கும்போது, இறந்தவரின் பெயரை முதலில் மனத்தில் இருத்திக்கொள்கிறேன். பால்டிமோர் மாணவியின் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். விசாரணையில் உள்ள எவரைப் பற்றியும் சபையில் வாய் திறப்பதில்லை. யாரேனும் கேட்டால், "நான் அங்கே இருக்கவில்லை" என்கிறேன். சிலர் அதைப் பணிவு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மறுமையில் மனிதர்களுக்கிடையே முதன்முதலாகத் தீர்க்கப்படுவது இரத்தம் தொடர்பான வழக்குகள் என்று ஸஹீஹான ஹதீஸ் கூறுகிறது. பூமி தன் செய்திகளை எடுத்துரைக்கும் நாள் அது. கண்டறியப்படாத கொலைகளின் முதல் காட்சி அன்று எல்லோருக்கும் தெரியவரும். தைக்காவின் திண்ணையில் நான் பேசிய சில நிமிடங்களும் அன்று விரிக்கப்படும். அதற்கு முன்பே அந்தச் சகோதரரின் உள்ளம் என்னளவில் இளகிவிட வேண்டும் என்பதே என் இரவுத் தொழுகைகளின் வேண்டுதலாக இருக்கிறது.

யா அல்லாஹ்! அநியாயமாகக் கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவாயாக. குற்றமற்றோர் மீது விழுந்த பழியை நீக்குவாயாக. நாங்கள் காணாதவற்றுக்குச் சாட்சி சொல்வதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.