அடுப்பில்லாப் பண்டம்

எங்க தெருவுல காதுகுத்துன்னா பஞ்சாமிர்தந்தான். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். ஊர்க்காரர் தோட்டத்தில் தார் சுமந்துவிட்டு அம்மா வரும்போது, விலைபோகாதென்று ஒதுக்கின பழம் மடியில் இருக்கும். அதற்கும் கூலியில் பிடிப்பார்கள். அது வேற கதை.

பத்துப் பழத்துக்குக் கால் கிலோ நாட்டுச்சர்க்கரை. கையாலேயே பிசையணும். தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் புளிச்சுப்போகும். அப்புறம் பேரீச்சை, கற்கண்டு, ஏலம், தேன், நெய். நெய்க்கு வழியில்லாத வருசம் நெய்யில்லாமலேதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழம். எங்களுக்குக் கிடைத்த பழம் எதுவோ அது.

தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் தோட்டக்காரரும் வந்தார். நின்றபடியே மொய் வைத்தார். சாப்பாடு வேண்டாமென்றார். பஞ்சாமிர்தக் கிண்ணத்தை நீட்டினேன்.

"யாரு பிசைஞ்சது?"

"எங்கம்மா. உங்க தோட்டத்துப் பழந்தான். வெட்டுன கையும் அதுதான், பிசைஞ்ச கையும் அதுதான்."

கிண்ணத்தை வாங்கவில்லை. தாம்பாளத்திலிருந்து உரிக்காத பழம் ரெண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தோலுக்குள்ளே இருக்கிறவரைக்கும் தீட்டு ஏறாது போல.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா விரலை நக்கிக்கொண்டே, "அந்தக் கிண்ணத்த இங்க குடு, பிள்ளைகளுக்குப் பத்தல" என்றாள்.