சொல்தா வீட்டுச் சோறு

போரில் இறந்துபட்டவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேர்வதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் முடியும் முறை அது. ஆநிரை மீட்டு மாண்டவன் ஊரின் மாட்டுக்காக மாண்டவன். ஆகவே அவனுக்கு நன்றி சொல்ல ஊருக்குத் தயக்கமில்லை. யாருடைய போருக்கோ போய், உயிரோடு திரும்பி, திண்ணையில் சுருட்டுப் பிடித்தபடி முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டுச் செத்தவனை என்ன செய்வது? அவனுக்குத் துறை ஏதும் வகுக்கப்படவில்லை. காரைக்கால் பக்கத்தில் பிறந்த எங்களில் பலருக்கு இது இலக்கணக் கேள்வியன்று, வீட்டுக் கேள்வி.

அவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாக்கில் பழகிய வடிவம். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலம் நீங்கலாக 1954 வரை அவர்களிடமே இருந்தது. அந்த நெடுங்காலத்தின் கடைசிச் சொல்தாக்களில் ஒருவர், கருக்களாச்சேரியில் என் தாத்தாவின் தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. கட்டுமரம் தள்ளிய வீட்டுப் பிள்ளை. பிரான்சின்மீது காதல் கொண்டு அவர் படையில் சேரவில்லை. வீட்டில் ஒரு வாய் குறையும், மாதாமாதம் பணம் வரும், அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு அப்படியே பலித்தது. ஆனால் 1954 என்றொரு ஆண்டு வந்தது.

அவ்வாண்டு மார்ச் 13-இல் தொடங்கிய தியன் பியன் பூ முற்றுகை மே 7-இல் பிரெஞ்சுப் படையின் வீழ்ச்சியில் முடிந்தது. அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. என் தாத்தா இணைப்புக்காகக் காரைக்கால் வீதிகளில் கோஷமிட்டு நடந்தவர். அவருடைய தம்பியோ அப்போது இந்தோசீனாவில், சைகோனுக்கு வெளியே, சாமான் வண்டிகளுக்குக் காவலாகத் துப்பாக்கியோடு போய்வந்துகொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் போகட்டும் என்று அண்ணன் இங்கே கேட்டார். அங்கே அதையே கேட்டவர்களுக்கு எதிரில் தம்பி நின்றார். இதைவிட நெருக்கமாக ஒரு வரலாற்று முரண் ஒரே அடுப்படிக்குள் வந்து உட்காருமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சின்னத் தாத்தா போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. (கதை சொல்லும் சொல்தாக்களும் உண்டு, அவர்கள் திண்ணையில் கூட்டம் சேரும். எங்கள் திண்ணையில் சேர்ந்ததில்லை.) ஒருமுறை, சம்பா நடவுக் காலத்தில், திருநள்ளாற்றுச் சாலையில் பேருந்தில் போகும்போது ஜன்னலைக் காட்டிச் சொன்னார்: "அங்கேயும் இப்படித்தான் தம்பி. இதே சேறு, இதே மாதிரி குனிஞ்சு நடுவாங்க. வண்டிச் சத்தம் கேட்டா நிமிர்ந்து பார்ப்பாங்க. அந்தப் பார்வைதான்." மேலே சொல்லவில்லை. காவிரிப் படுகைக்காரரைக் கொண்டுபோய் மீகாங் படுகையில் நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு அல்ஜீரியா. அதைப் பற்றி அந்த அளவுகூட அவர் பேசவில்லை.

1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றபோது அண்ணன் இந்தியர்; தம்பி பிரெஞ்சுக் குடிமகனாகவே நின்றார். அதனால் அவருடைய ஓய்வூதியம் தப்பியது. 1959-இல் பிரான்சு இயற்றிய சட்டமொன்று, விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்ட முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றிருந்த தொகையிலேயே உறையவைத்துவிட்டது. ஒரே பதுங்குகுழியில் கிடந்த பிரெஞ்சுக்காரர் பெற்றதில் ஒரு சிறு பங்கே செனகல்காரருக்கும் மொராக்கோக்காரருக்கும் கிடைத்தது. 2006-இல் ரஷீத் பூஷாரெப் எடுத்த திரைப்படம் அந்த அநீதியை உலகறியச் செய்தது. அது முற்றாக நீங்க 2011 வரை ஆயிற்று. போர் நினைவுச் சின்னங்களில் மலர்வளையம் வைப்பதில் எந்த அரசும் குறை வைப்பதில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட சின்னத்துக்கும் ஜூலை 14 தோறும் மலர்வளையம் வருகிறது. என் மனம் என்னவோ மலர்வளையத்தைவிட மணியார்டரையே நம்புகிறது.

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நாக்கு ஒரு கணம் தடுமாறும். அரசனின் சோற்றை உண்ட வீரன் உயிரால் கடன் தீர்ப்பது அது. எங்கள் வீட்டில் சோறு போட்டவர் வீரர், உண்டவர்கள் நாங்கள். சின்னத் தாத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் அப்பாவின் படிப்பு, இரண்டு அத்தைகளின் திருமணம், ஓட்டுக்கூரை, நான் தமிழ் முதுகலை படித்த விடுதிக் கட்டணம், எல்லாம் அந்தப் பணம். நான் இன்று நடத்தும் புறநானூறு இந்தோசீனச் சம்பளத்தில் படித்த புறநானூறு. அவர் போன போர் நியாயமானதென்று சொல்ல என்னால் முடியாது. அதற்காக நன்றியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் உண்டிருக்கிறோம்.

தாத்தா தம்பியிடம் போரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை என்று பாட்டி சொல்வார். 1997-இல் சின்னத் தாத்தா இறந்தபோது, பாடையில் கிடத்துமுன் தாத்தா உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, பிரெஞ்சுக்காரர் கொடுத்த இரண்டு பதக்கங்களைக் கொண்டுவந்து தம்பியின் சட்டையில் தம் கையாலேயே குத்தினார். கோஷமிட்ட அதே மனிதர். எடுக்கும் நேரத்தில் கழற்றித் துடைத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

2004 டிசம்பர் 26-இல் கடல் அந்தப் பெட்டியைக் கொண்டுபோயிற்று. பென்ஷன் தாள்கள் மட்டும் காரைக்காலில் அத்தை வீட்டில் இருந்ததால் மிஞ்சின. அவற்றில் அவருடைய படை எண்ணும் பணிசெய்த ஆண்டுகளும் பிரெஞ்சில் தட்டச்சிடப்பட்டிருக்கின்றன. சைகோன் என்ற ஊர்ப்பெயரை மட்டும் யார் உதவியும் இல்லாமல் என்னால் படிக்க முடிகிறது.