ஹெட்செட்டும் அலுமாரிக் கதவும்

இறுதி வருஷம் தொடங்கினால் எந்த பட்சிலும் இந்தக் கேள்வி ஒருக்காவது வரும்: "படிக்கேக்க கவனம் சிதறாமல் இருக்க எந்த அப்பைப் போடலாம்?" எங்கட வட்ஸ்அப் குழுவில் கேட்டவுடனேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்று பாட்டுக் கட்சி: பிரெய்ன்.எஃப்எம், எண்டெல், அதுகளுக்கு டொலரில் சந்தா கட்டேலாதவர்களுக்கு யூடியூபில் இரவு பகலாக ஓடுகிற லோஃபை. மற்றது பலகைக் கட்சி: ட்ரெல்லோ, நோஷன். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று நிரல். வேலைக்கு ஒரு அட்டை. வேலை நகர நகர அட்டையும் நகரும். நான் இரண்டையும் பாவித்துப் பார்த்தவள், இப்ப பலகைக் கட்சி. ஆனால் என்ர காரணம் அந்தக் குழுவில் ஆரும் சொல்லாத காரணம்.

முதலில் பாட்டு. என்ர ஆய்வு யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் நடந்த வாசிப்புப் பற்றியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொட்டிலில் எல்லாரும் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் பேப்பரோ கதைப் புத்தகமோ உரத்து வாசிப்பார். கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், காது கேட்டுக்கொண்டிருக்கும். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் இருந்திருக்கிறது. ஆகவே வேலை செய்யேக்க காதுக்கு ஏதாவது குடுக்கிறது செயலிக்காரர் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

ஆனால் கொட்டிலில் வேலை கைக்கு, சொல் காதுக்கு. கலைப்பீடத்து ஆட்களுக்கு வேலையே சொல்லோடுதான். ஒரு பந்தியை வாசித்துக்கொண்டு இன்னொரு சொல்லைக் காதில் வாங்கேலாது. சலாமே, படெலி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பரிசோதித்து 1989இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்க முயல்கிறவரை, வெறும் வாத்திய இசையை விடப் பாடல்தான் அதிகம் குழப்புகிறது. கவனத்துக்கென்று வருகிற இசையில் பெரும்பாலும் பாட்டு வரிகள் இல்லாமல் இருக்கிறது இதனால் நல்லதுதான். இளையராஜாவைப் போட்டுவிட்டு மொழியியல் படிக்கிறன் என்கிறவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் படிப்பது இளையராஜாவை.

என்ர வேலையில் பாதிக்கு அந்த வரியில்லாத இசையும் உதவாது. நேர்காணல்களை எழுத்தாக்கும்போது ஹெட்செட்டில் ஏற்கெனவே ஒரு முதியவரின் குரல் இருக்கிறது. நடுவில் சேவல் கூவும், ஆரோ தேத்தண்ணி கொண்டுவருவார்கள், அவர் சொல்லவந்த பேரை மறந்து வேறு கதைக்குப் போய்விடுவார். ஒரு மணித்தியால ஒலிப்பதிவுக்கு எனக்கு ஆறு மணித்தியாலம் போகிறது. அதற்குள் எங்கே இசையைப் போடுவது?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். திருவிழாக் காலத்தில் கோயில் ஸ்பீக்கர் எங்கட வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், மழைச் சத்தம் ஒன்றை ஃபோனில் இறக்கி வைத்துப் போடுவதைப்போல உதவி வேறில்லை. டேட்டாவும் போகாது. லோஃபை வீடியோவை ஓடவிட்டால், பார்க்காத படத்துக்கும் சேர்த்து டேட்டா போகும். வெளிச் சத்தத்தை மறைக்க இசை நல்லது. எனக்கு இருந்த தடங்கலில் முக்கால்வாசி சத்தமே இல்லை.

பலகைக்கு வருவம். "கன்பான்" என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்றுதான் அர்த்தம். டொயோட்டா தொழிற்சாலையில் தாயீச்சி ஓனோ என்ற பொறியியலாளர் இந்த முறையை உருவாக்கினார். அடுத்த கட்டத்துக்குப் பாகம் தேவைப்பட்டால்தான் அட்டை திரும்பி வரும், அட்டை வந்தால்தான் முந்தின கட்டம் புதிதாகச் செய்யலாம். வேலை தேங்கி நிற்கக்கூடாது என்பதுதான் அதன் உயிர். அதைப் பின்னால் மென்பொருள்காரர் எடுத்தார்கள், 2011இல் ட்ரெல்லோ வந்தது. செயலியில் நாங்கள் அட்டைக்குக் கலர் போடுகிறோம், பின்னணிக்கு மலைப் படம் போடுகிறோம், நடு நிரலில் பதினைந்து அட்டை நிற்கும். ஓனோ கண்டால் அழுதிருப்பார். நடு நிரலில் இரண்டுக்கு மேல் வைக்காதே என்ற ஒரு விதியை எடுத்துவிட்டால் அது வெறும் வடிவான பட்டியல்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. "அத்தியாயம் 2" என்று எழுதினால் அது மாதக்கணக்கில் அசையாது. "நாலாம் ஒலிப்பதிவு, முதல் 20 நிமிஷம்" என்று எழுதினால் இண்டைக்குப் பின்னேரமே நகரும். 1994இல் வெளிவந்த கனடிய ஆய்வு ஒன்றில், இறுதி வருஷ உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்ப முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்தது 55 நாளுக்கு மேல். மேற்பார்வையாளருக்கு நாங்கள் சொல்கிற திகதிகளுக்குச் சர்வதேசப் பாரம்பரியம் இருக்கிறது என்பதில் எனக்கொரு ஆறுதல்.

இனி என்ர காரணம். நான் வீட்டில் இருந்து கம்பஸ் போய்வருகிறவள். அம்மா வீட்டில் தைக்கிறவ. அவவின்ர வேலை எல்லாருக்கும் தெரியும்: மெஷின் சத்தம் கேட்கும், துணி கிடக்கும். தம்பி ஏ.எல். படிக்கிறான். மேசையில் பாஸ்ட் பேப்பர் விரிந்து கிடந்தால் அவனை ஆரும் எழுப்ப மாட்டார்கள். நான் ஹெட்செட்டோடு லப்டொப்புக்கு முன்னால் இருந்தால் அது என்னவாகத் தெரியும்? "பாட்டுக் கேட்டது காணும், வந்து தேங்காயைத் திருவு." ஒரு பின்னேரத்தில் மூன்று தரம். காதில் இருப்பது எழுபத்தெட்டு வயது மனிசன் ஒருவரின் கதை என்று எத்தனை தரம் விளங்கப்படுத்துவது? உலகத்தில் இருக்கிற எந்தக் கவன இசையும் இதற்கு மருந்தில்லை. கூடினால் ஹெட்செட்டை இன்னும் பெரிதாக்கும்.

ட்ரெல்லோவும் இதைத் தீர்க்காது, அது ஃபோனுக்குள் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே குசினிக்குப் போகிற வழியில் இருக்கிற அலுமாரிக் கதவில் மூன்று நிரல் கீறிய தாளை ஒட்டினேன். பழைய கொப்பி மட்டையை வெட்டி அட்டை.

அம்மாவுக்கு ஒரு சொல் விளங்கப்படுத்தத் தேவை வரவில்லை. அவவின்ர தையல் மூலையே அப்படித்தான் இருக்கிறது: வெட்டின துணி ஒரு கட்டு, தைத்தது ஒரு கட்டு, கொக்கி கட்ட இருக்கிறது கதிரையில். ஒரு கிழமை போக, சோறு போட்டுக்கொண்டே கேட்டா: "அந்த நாலாவது ஆளின்ர இன்னும் முடியேல்லையோ?" அடுத்த நாள் தேங்காய் தம்பியிடம் போனது. அவன் திருவின தேங்காயில் சிரட்டைத் தூளும் இருந்தது, அது வேறு கதை.

இதில் நட்டமும் உண்டு. எல்லாருக்கும் தெரிகிற பலகையை எல்லாரும்தான் வாசிப்பார்கள். சின்னம்மா வந்தால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக வாசிப்பா. "இதை முடிச்சால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்விக்கு நான் நிரல் எதுவும் கீறவில்லை. சில அட்டைகளைக் குறியீட்டில் எழுதவும் வேண்டியிருக்கிறது. நேர்காணல் தந்தவர்களின் பேர் வெளியில் தெரியக்கூடாது, அதனால் இலக்கம் மட்டும்தான். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

குழுவில் கேட்ட பிள்ளைக்கு நான் எழுதின பதில் இதுதான்: நீ இருக்கிற இடம் சத்தமா, இல்லாட்டி உன்ர நேரத்தை ஆக்கள் எடுக்கிறார்களா என்று முதலில் பார். சத்தமெண்டால் மழையை இறக்கு. ஆக்களெண்டால், அவர்கள் நடமாடுகிற இடத்தில் ஒட்டு. போர்டிங்கில் நாலு பேர் ஒரு அறையில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டிவரலாம். குழுவாகச் செய்கிற அசைன்மன்டுக்கு ட்ரெல்லோ போதும், ஆர் ஒண்டும் செய்யவில்லை என்று சண்டை பிடிக்காமலே தெரிந்துவிடும்.

ஸ்டிக்கி நோட் வாங்க வேண்டாம். ஃபான் காற்றுக்கு இரண்டு நாளில் விழுந்துவிடுகிறது. மட்டையும் டேப்பும் போதும். இப்ப என்ர நடு நிரலில் இரண்டு அட்டை நிற்கிறது, ஐந்தாம் ஒலிப்பதிவில் இன்னும் 35 நிமிஷம் மிச்சம்.