மூடியளவு தண்ணீர்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், "பிள்ளைகளை அடிக்காதீர்கள்" என்று பேசுகிறவன் நான். இருபது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் அதைச் சொல்லி வருகிறேன். அப்படிப்பட்ட நானே, இரண்டு வயதுகூட நிறையாத என் மகளை விமானத்தில் வைத்து அடித்தேன். வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும், விடுமுறை வந்தால் கைப்பிள்ளையோடு முதன்முதலாக விமானம் ஏறும் தோட்டக் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அது 2023 டிசம்பர் பள்ளி விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பயணம். நான், என் மனைவி, அம்மா, பாப்பா ஆக நான்கு பேர்.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஓர் அக்காள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குப் போனார்கள். பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். 1970-இல் பெரியம்மா கைக்குழந்தையோடு பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் போய் இறங்கினார். துறைமுகத்தில் நின்று கையசைத்த அம்மாவுக்கு அப்போது வயது பத்தொன்பது. அதன் பிறகு அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவே இல்லை. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டி, எட்டு ஆண்டு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த அம்மாவுக்கு, விமானச் சீட்டு என்பது அடுத்த தீபாவளிக்கு, அதற்கடுத்த தீபாவளிக்கு என்று தள்ளிப்போன கனவாகவே இருந்தது.

பாப்பா எங்களுக்குத் திருமணமாகிப் பதின்மூன்றாம் ஆண்டில் பிறந்தவள். "பாப்பாவை ஒரு தடவை அக்கா மடியிலே போட்டுப் பாத்துட்டா போதும்" என்று அம்மா சொன்ன பிறகு நான் மறுக்கவில்லை.

இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு விமானத்தில் தனி இருக்கை கட்டாயமில்லை. சிறு கட்டணத்தோடு மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பி வரும் நாளிலும் இரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்துவிட்டால் வரும்போது தனிச் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். பாப்பாவுக்குப் பிப்ரவரியில்தான் பிறந்தநாள் என்பதால் நாங்கள் தப்பினோம். கைக்குழந்தையானாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அதையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தோம்.

இவ்வளவு கணக்குப் பார்த்த நான் ஒன்றில் கஞ்சத்தனம் செய்தேன். இருக்கைகளைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் பணம் கேட்டார்கள். "நாலு மணி நேரம்தானே" என்று விட்டுவிட்டேன். விளைவு, மனைவிக்கு ஆறு வரிசை பின்னால் இடம். அம்மா சன்னலோரம், நான் நடுவில், என் மடியில் பாப்பா. என் மறுபக்கம் கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. பாப்பா பால் குடித்தபடி இருந்தாள். பிறகு சன்னலில் விரலால் கோலம் போட்டாள். கொஞ்சம் மூக்கடைப்பு இருந்ததால் சிணுங்கினாள், பின்பு தூங்கிப் போனாள். பால் போத்தலைப் பையில் போட்டு, பையை மேலே உள்ள அடுக்கில் வைத்துவிட்டு நானும் கண்ணயர்ந்தேன்.

விமானம் இறங்கத் தொடங்கியது. இடுப்பு வார் அணியச் சொல்லி விளக்கு எரிந்தது. அப்போதுதான் பாப்பா திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். சாதாரண அழுகை அல்ல. உடம்பை வில்லாக வளைத்து, மூச்சு முட்டக் கத்தினாள். தட்டிக் கொடுத்தேன், பாட்டுப் பாடினேன், விளையாட்டுக் காட்டினேன். எதற்கும் அடங்கவில்லை. போத்தலோ மேலே இருந்தது, எழுந்திருக்க முடியாது. பின்னால் என் மனைவி தவிப்பது தெரிந்தது, அவளும் எழுந்து வர முடியாது.

முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் மடிக்கணினியை 'டப்' என்று மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. 'தோட்டத்து ஆட்கள், பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்று அவர் நினைப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். காது மடல் சூடேறியது. கை தானாக உயர்ந்தது. பாப்பாவின் தொடையில் சுளீரென்று ஓர் அடி வைத்தேன்.

ஒரு நொடி அழுகை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு முன்னிலும் பெரிதாக அழுதாள்.

"என்னாப்பா செய்யிற நீ? பிள்ளை காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டே அழுவுது, கண்ணு தெரியலையா?" என்று அம்மா பாப்பாவைத் தம் மடிக்கு வாங்கிக்கொண்டார். விமானத்தில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் அம்மாவின் காலடியில் இருந்தது. அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றி, பாப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, உதட்டில் சாய்த்தார். முதல் மூடி சிந்தியது. இரண்டாவது உள்ளே போனது. பிறகு மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு மூடிக்கும் அழுகை ஒருபடி இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டபோது பாப்பா விம்மிக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்றேன்.

"எனக்கும்தானே காது அடைச்சுது? எச்சியை முழுங்கினேன், விட்டுது. பெரிய மனுசிக்கே அப்படின்னா பச்சப்புள்ளைக்கு எப்படி இருக்கும்?"

வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறியவர் அம்மா. தம் காதைக் கொண்டே பேத்தியின் காதை அறிந்துகொண்டார். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்த எனக்கோ, அடுத்தவருடைய பெருமூச்சு மட்டும்தான் கேட்டது.

முசிறிப் பக்கத்து ஊரில் பெரியம்மா வாசலிலேயே காத்திருந்தார். அக்காளும் தங்கையும் வாய் திறந்து பேசவே வெகுநேரம் ஆயிற்று. ஒருவர் கையை ஒருவர் தடவிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் அழுதோம்.

மறுநாள் காலை பாப்பாவுக்குத் தலைவாரக் கையைத் தூக்கினேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். சீப்பு என் கையிலேயே நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தாள்.

சளிக்காக அங்குள்ள மருத்துவரிடம் காட்டியபோது விமானத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்றது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் போகும்போது நமக்குக் காது அடைக்கிறதல்லவா, அதே காரணம்தான். காதின் உட்பகுதியிலிருந்து தொண்டையின் மேற்புறத்துக்கு ஒரு சிறு குழாய் போகிறது. ஏறும்போது காதிலுள்ள காற்று அதன் வழியே எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். குழாய் திறந்தால்தான் போகும். விழுங்கும்போது அது திறக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது. சளி பிடித்திருந்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். தூங்கும் பிள்ளை அதிகம் விழுங்காது, ஆகவே இறங்கும்போது வலியோடுதான் விழிக்கும்.

அன்று இரவு பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் வந்தப்ப உங்க அண்ணனுக்கு ஒரு வயசு. கப்பல்ல ராவும் பகலும் அழுதான். மேல்தட்டுல பாயை விரிச்சு எல்லாரும் படுத்திருப்போம். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தூக்கி வச்சுக்கிட்டாங்க. யாரு என்னான்னுகூடத் தெரியாது."

"யாரும் முகம் சுளிக்கலையா பெரியம்மா?"

"யாரு பிள்ளை அழுதா என்னாப்பா? பிள்ளைதானே அழுவுது?"

அந்தச் சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. நான் அடித்தது பிள்ளையின் குறும்புக்காக அல்ல. அவள் குறும்பே செய்யவில்லை. என் கூச்சத்துக்காக அவளை அடித்தேன். நாலு பேர் முன்னால் நாம் தாழ்ந்துவிடுவோமோ என்ற பயம் தோட்டத்தில் பிறந்த நம் பலருக்கும் உள்ளே கிடக்கிறது. அந்தப் பயத்துக்குப் பிள்ளையின் தொடையா பதில் சொல்வது?

விடுமுறையில் பறக்கப்போகும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். பால், தண்ணீர், மாற்றுத்துணி உள்ள சிறு பையை மேலடுக்கில் வைக்காமல், முன் இருக்கைக்கு அடியில் கைக்கெட்டும்படி வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற விதி இருந்தாலும், பயணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு. சோதனையிடும் இடத்தில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். விமானம் தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே பிள்ளையை எழுப்பி, நிமிர்ந்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். முடிந்தால் பிள்ளையின் தாயும் தந்தையும் பக்கத்தில் பக்கத்தில் இடம் வாங்குங்கள். அந்தச் சில வெள்ளியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் வந்தோம். விமானம் இறங்குகையில் எங்களுக்கு முன்னால் ஓர் இளம் தம்பதியின் பிள்ளை அலறத் தொடங்கியது. அந்தத் தந்தையின் காது மடல் சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். "மன்னிச்சுக்குங்க சார், தொந்தரவு" என்று திரும்பிச் சொன்னார்.

"யாரு பிள்ளை அழுதா என்ன தம்பி? காதுதான் வலிக்குது. பால் போத்தலை வாயில வையுங்க, முழுங்கினா சரியாயிடும்" என்றேன். அவர் மனைவி அப்படியே செய்தார். சிறிது நேரத்தில் அழுகை தணிந்தது.

பிறகு நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியை நிரப்பி, மடியிலிருந்த பாப்பாவின் முகத்தருகே கையைக் கொண்டு போனேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணை மூடாமல் குடித்தாள்.