மூன்று புள்ளியும் ஒரு புள்ளியும்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

"பட்டாம்பூச்சியைப் படம் பிடித்தால் பட்டம் கிடைத்துவிடுமா?" என்று என் தோழியர் கேலி செய்வதுண்டு. கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால், பட்டம் பெறப்போகிறோம் என்ற மிதப்பில் இருந்த எனக்கு ஒரு பட்டாம்பூச்சி நல்ல பாடம் கற்பித்தது. அதை நம் ஆண்டு மலரில் எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் வீடு மறைமலை நகரில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர். அப்பா ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறார். அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகத் தோட்ட வேலை. தோட்ட வேலை என்றால் பெரும்பாலும் களையெடுப்புதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

சென்ற ஜூலையில் ஒருநாள், அம்மா மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். சுவருக்கு வெளியே வடிகால் ஓரத்தில் எருக்கம்புதர் ஒன்று மண்டிக் கிடந்தது. அதன் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி இறகை விரித்து அமர்ந்திருந்தது. இறகின் ஓரமெல்லாம் கறுப்பு. அதில் வெள்ளைப் பொட்டுகள். கைப்பேசியை எடுத்துக் குனிந்தேன். என் நிழல் அதன்மேல் விழுந்ததுதான் தாமதம், பறந்துவிட்டது. என் முதல் படத்தில் இருந்தது வெறும் எருக்கிலை.

அன்று தொடங்கியது இந்தப் பைத்தியம். ஞாயிறுதோறும் அங்கே போனேன். காலை எட்டு, ஒன்பது மணிக்கு அவை உடல் சூடேற வெயிலில் இறகை விரித்துக் காயும். அப்போதுதான் படம் எடுக்க வசதி. உச்சி வெயிலில் ஓரிடத்தில் நிற்கமாட்டா. நிழல் முன்னே விழாமல், தாழ்ந்து, மெதுவாக நெருங்க வேண்டும். இறகின் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரண்டு படங்களாவது வேண்டும். இவையெல்லாம் பல நூறு மங்கலான படங்களுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவை.

அந்தப் பூச்சியின் பெயர் 'பிளெயின் டைகர்'. அறிவியல் பெயர் டானவுஸ் கிரிசிப்பஸ். 1758-இல் லின்னேயஸ் சூட்டியது. தமிழில் 'வெந்தய வரியன்' என்கிறார்கள். எத்தனை பொருத்தமான பெயர்! வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, இந்தப் பெயரை உச்சரிக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெந்தய வரியன் எருக்கிலையில் முட்டையிடும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு, அந்த இலையைத் தின்று வளரும். எருக்கம்பாலின் நச்சு புழுவின் உடலில் சேர்ந்து, இறகு முளைத்த பிறகும் தங்கிவிடுகிறது. ஒருமுறை தின்று குமட்டிய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமில்லாமல், தாழ்வாக, உலா வருவதுபோல் பறக்கிறது.

அக்டோபரில் வன உயிரின வாரம் வந்தது. துறைத் தகவல் பலகையில் என் படங்கள் நான்கை ஒட்டி, நான்கின் கீழும் 'வெந்தய வரியன்' என்று எழுதினேன். பேராசிரியர்கள் பாராட்டினார்கள். அன்று மாலை என் கால்கள் தரையில் பாவவில்லை.

வீட்டில் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், நான்காவது படத்தில் நிறுத்தினார்.

"இது அது இல்லடி. இது எருக்கங்கிட்ட போவாது. தரையில பருப்புக்கீரைப் பக்கந்தான் சுத்திச் சுத்திக் குந்தும். கறுப்பா, வெள்ளைப் பொட்டு வெச்ச இன்னொண்ணு இதும் பின்னாலயே துரத்திக்கிட்டு வரும்."

"உனக்கு என்னம்மா தெரியும்? புத்தகத்தில் இருக்கிறது" என்றேன்.

அம்மா பதில் பேசவில்லை. கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் சொன்ன அந்தச் சொல் இரவெல்லாம் என்னை உறுத்தியது. மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் வடிகால் ஓரம் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்குமேல் அது வந்தது. எருக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பருப்புக்கீரைக் கொடியில் தாழ இறங்கி, வயிற்றை வளைத்து இலையடியில் முட்டையிட்டது. சற்றுத் தள்ளி, கறுப்பு இறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகள் கொண்ட இன்னொன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

வீடு திரும்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெந்தய வரியனின் பின்னிறகு நடுவில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு கறும்புள்ளிகள் இருக்கும். தலையிலும் மார்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருக்கும். என் நான்காவது படத்தில் பின்னிறகில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் முன்விளிம்பை ஒட்டி. மார்பில் வெள்ளைப் புள்ளிகளே இல்லை. அது 'டனாய்டு எக்ஃப்ளை' என்ற வேறு இனத்தின் பெண். நஞ்சில்லாத இந்தப் பெண், நஞ்சுள்ள வெந்தய வரியனின் வேடத்தைப் பூண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது. அதன் ஆணுக்கு அந்த வேடம் கிடையாது. அம்மா சொன்ன கறுப்புப் பூச்சி அதுதான்.

இத்தகைய போலியுருவை உலகுக்கு விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, காலுறை வணிகரிடம் தொழில் பழகியவர். 1848-இல் அமேசான் காட்டுக்குப் போய், பதினோரு ஆண்டுகள் பூச்சிகளைக் கவனித்து, 1862-இல் தம் முடிவை வெளியிட்டார். அவரும் கல்லூரியில் படித்தவர் அல்லர். நாளெல்லாம் குனிந்து மண்ணைப் பார்த்து வேலை செய்யும் என் தாய்க்கு என்ன தெரியும் என்று கேட்டேனே, அந்தக் கேள்வியே அறியாமை அல்லவா?

திங்களன்று பேராசிரியரிடம் போய், நான் எழுதிய பெயர் தவறு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் படத்தை உற்றுப் பார்த்தார். "நானும் கவனிக்கவில்லையே, அம்மா. யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். சொன்னேன். "அதையும் சேர்த்து எழுது" என்றார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டு ஒட்டினேன்: 'டனாய்டு எக்ஃப்ளை, பெண். அடையாளம் காட்டியவர்: என் தாயார்.'

அதைப் படம் எடுத்து வீட்டில் காட்டியபோது, அம்மா சேலைத் தலைப்பால் கைப்பேசியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "இதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். கேட்க அவர் இடம் தரவில்லை. "சாப்பிட வா" என்று எழுந்துவிட்டார்.

மழைக்கு முன் வடிகால் ஓரத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி ஆணை வந்தது. வேலை என்றால் செய்துதானே ஆகவேண்டும்? எருக்கு வெட்டுண்டது, கீரையும் போயிற்று. ஆனால் வெட்டுவதற்கு முன் அம்மா ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்து, புழு இருந்த எருக்கங்கிளைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். வீட்டுத் திண்ணையில் இரண்டு கூடுகள் தொங்கின. இரண்டும் பட்டாம்பூச்சியாகிப் பறந்தன. மழைக்குப் பின் எருக்கு அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்துவிட்டது.

நண்பர்களே! உங்கள் வீட்டருகே ஓர் எருக்கஞ்செடியாவது இருக்கும். ஒருநாள் காலை அதன் அருகே அமர்ந்து பாருங்கள். பெயர் எழுதும் முன் புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிய பின்னும், அந்த மண்ணில் உழைப்பவர் யாரையேனும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டனாய்டு எக்ஃப்ளைக்கு எங்கள் வீட்டில் ஒரு தமிழ்ப்பெயர் வைத்திருக்கிறோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர். அம்மா சூட்டியது: 'கீரைக்காரி.'