சத்தத்தைச் சமன் செய்துவிட்டுக் கேள்

வயதானவனிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாம் தலையாட்டினால் போதும். மகள் வயிற்றுப் பேரனும் அப்படித்தான் வந்தான். வேலைக்குப் போகிறான், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. வீட்டில் கிட்டார் வாசிக்க வால்வு ஆம்ப் ஒன்று வேண்டுமாம். "நாலு வாட் வாங்கவா, பதினைந்து வாட் வாங்கவா தாத்தா?" என்றான். பதினைந்தைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது.

அவனைக் குறை சொல்ல முடியாது. மெல்லிசைக் குழுவில் வாசித்த நாட்களில் நாங்களும் வாட்டைச் சொல்லித்தான் மீசையை முறுக்குவோம். மேடைக்கு அது தேவையாகவும் இருந்தது. இங்கிலாந்தில் 1958இல் வாக்ஸ் கம்பெனி ஏசி 15 ஆம்பைக் கொண்டுவந்தது. ஷேடோஸ் குழுவுக்கு அந்தப் பதினைந்து வாட் போதாமல் போகவே 30 வாட் வந்தது. பிறகு தி ஹூ குழுவினர் கேட்டு, ஆம்ப் செய்துவந்த மார்ஷல் 100 வாட்டுக்குப் போனார். எல்லாம் கத்துகிற கூட்டத்தை மீறிக் கேட்பதற்காக. பேரன் இருப்பதோ மூன்றாவது மாடி ஃப்ளாட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை.

அவனை என் பழைய குழுத் தோழனிடம் அழைத்துப் போனேன். கச்சேரி குறைந்த பிறகு ரேடியோ பழுது பார்க்கப் போனவன். வால்வைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொல்வான். அவனிடம் ஏசி 15, ஏசி 4 இரண்டும் இருந்தன. இரண்டிலும் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு ஒரே இனத்து ஈ.எல். 84தான். பெரியதில் இரண்டு, சின்னதில் ஒன்று. பெரியதில் 12 அங்குல ஸ்பீக்கர், சின்னதில் 10 அங்குலம்.

பேரன் இரண்டையும் வாசித்துப் பார்த்தான். "பெரிசுதான் தாத்தா நல்லா இருக்கு" என்றான், நினைத்தபடியே.

தோழன் சிரித்தான். "சத்தமா இருக்குன்னு சொல்லுப்பா. நல்லா இருக்கான்னு இன்னும் நாம கேட்கவே இல்லை."

ஒரு மீட்டர் தள்ளி முக்காலி போட்டு, சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்து ஃபோனை அதன்மேல் வைத்தான். இரண்டு ஆம்பும் ஒரே அளவு காட்டும்வரை குமிழைத் திருகினான். 80 டெசிபல், வீட்டுக்கு அதுவே அதிகம். வேலை நடக்கும்போதே பாடமும் நடந்தது. வாட் பத்து மடங்கானால்தான் காதுக்கு இரண்டு மடங்கு போலக் கேட்கும். நாலுக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் ஆறு டெசிபல்கூட இல்லை. அந்த 12 அங்குல ஸ்பீக்கர், செலஸ்டியன் கிரீன்பேக், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் தரும். அப்படியானால் 80க்கு எவ்வளவு வேண்டும்? ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்கு. பேரன் ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

சத்தம் சமமானதும், "இப்பவும் பெரிசுதான், ஆனா முன்ன மாதிரி இல்லை" என்றான். சின்னதில் டப்பாக் குரல் கேட்கிறதாம். அவன் சொன்னதும் சரிதான். சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஸ்வரங்களை அதிகமாகத் தவறவிடும்; ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து சொன்ன விஷயம். மெதுவாக வாசிக்கும்போது பெரிய ஸ்பீக்கர் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

தோழன் சின்ன ஆம்பை அணைத்தான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம், அதனால் அணைக்காமல் வயரில் கை வைக்க மாட்டான். தனிப்பெட்டியில் இருந்த இன்னொரு கிரீன்பேக், ஆம்புக்கு ஏற்ற 16 ஓம்தானா என்று பார்த்துக்கொண்டு அதில் மாட்டினான். மறுபடியும் சத்தத்தைச் சமன் செய்தான். டப்பாக் குரல் போயே போய்விட்டது. பேரன் இவ்வளவு நேரம் ஆம்பை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத்தான் ஒப்பிட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வித்தியாசம் தெரிந்தது. சின்னதில் கால் வாட் வரை குறைக்க ஒரு சுவிட்ச் உண்டு. அதில் வைத்து முடுக்கினால் கடைசி வால்வு திணறித் திணறி ஒரு கரகரப்பு வரும். பெரியதில் அந்தச் சுகம் வேண்டுமென்றால் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். ஆனால் பெரியதில் ரிவெர்ப் இருக்கிறது, டிரெமலோ இருக்கிறது, வீட்டுச் சத்தத்தில் எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் தெளிவு குலையாது. பேரன் நிதானமாக யோசித்துவிட்டு, "எனக்குத் தெளிவாத்தான் வேணும், கரகரப்பு வேண்டாம்" என்று பதினைந்தையே தேர்ந்தெடுத்தான். வந்தபோது இருந்த முடிவேதான். ஆனால் இப்போது அவனிடம் காரணம் இருந்தது.

அன்று ராத்திரி எங்கள் குழுத் தலைவர் நினைவுக்கு வந்தார். கிட்டாருக்கு ஆள் எடுக்க என்னையும் இந்தத் தோழனையும் ஒன்றாக உட்காரவைத்தவர். நான் வாசித்த வேகத்தில் ஹாலே அதிர்ந்தது. அவர் எழுந்து வந்தார், குமிழைப் பாதியாகக் குறைத்தார், இருவரையும் அதே அளவில் மறுபடி வாசிக்கச் சொன்னார். முக்கிய இடம் அவனுக்குப் போனது, எனக்கு ரிதம். பெரியவருக்குக் காது மந்தம் என்று பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, மறுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தவன் அந்தத் தோழன்தான். இறங்கும்போது டீ வாங்கிக் கொடுத்தான்.

தலைவர் செய்ததை வீட்டில் செய்யப் பழக எனக்கு வெகுகாலம் ஆயிற்று. குடும்பத்திலும் ஓங்கிப் பேசுகிறவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். தணிந்து பேசுகிறவரிடம் விஷயமே இல்லை என்று நினைத்துவிடுவோம். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குள் பணம், இடம் என்று பேச்சு வந்தால், குரல் உயர்த்துகிறவரைக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, மற்றவரை முதலில் பேசச் சொல்கிறேன். அதனால் முடிவு எப்போதும் மாறிவிடுவதில்லை. ஓங்கிப் பேசியவர் சொன்னதே சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் விட்டுக்கொடுத்தவர் "என்னை யாரும் கேட்கவே இல்லை" என்று மனத்தாங்கலோடு எழுந்து போவதில்லை. இந்த வயதில் என்னால் தீர்க்க முடிந்த வழக்கு அவ்வளவுதான்.