துளி சிந்தாத கசிவு

உதவித்தொகை வராத மாதத்தில் என் பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. கிளட்ச் பிளேட்டுகளை மாற்றவேண்டும் என்றார் புனே மெக்கானிக். தரையில் ஒரு துளி எண்ணெய்கூட இல்லை. ஆயினும் கிளட்ச் அமைந்த பிரைமரி கேஸில் ஆயில் மிகுந்து, கியர் ஆயிலுக்குரிய கந்தக வாடை வீசியது. எஞ்சின் ஆயில் குறையவில்லை. ஆகவே கிராங்க் சீல் மீது ஐயமில்லை. கியர்பாக்ஸையும் பிரைமரி கேஸையும் வடித்து, அளந்து ஊற்றி, 200 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் அளந்தோம். கியர்பாக்ஸில் குறைந்த அளவே பிரைமரியில் கூடியிருந்தது. மெயின்ஷாஃப்டின் ஆயில் சீல் தேய்ந்திருந்தது. அதை மட்டும் மாற்றி, பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவிப் பூட்டினார். அப்பிளேட்டுகளே இன்றும் உழைக்கின்றன. புதியவற்றைப் பொருத்தியிருந்தால், அவையும் அதே ஆயிலில் நனைந்து வழுக்கியிருக்கும்.